இந்த விலாசத்தில் ஆள் இல்லை

விமலராணி தன்னுடைய வீட்டில் இல்லை என்று மாநகரசபை எழுதிவைத்து ஒன்றரை வருடமாகிவிட்டது. அந்த ஒன்றரை வருடமும் அவள் அந்த வீட்டில்தான் சோறு காய்ச்சினாள். அங்கேதான் காய்ச்சலில் கிடந்தாள். அந்தக் கட்டடத்துப் படிக்கட்டை அயல் வீட்டுக்காரர்களுக்கும் சேர்த்து மாதத்துக்கு ஒரு முறை கழுவிவிட்டவளும் அவள்தான். ஆனாலும் இல்லை. கணினி இல்லை என்று சொல்லிவிட்டால் இல்லைதான், அதனோடு யார் வாதாடுவது?

செய்தி அவளுக்கு எட்டியது நவம்பர் மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில். பலெர்மோ நகரத்தின் கால்சாப் பகுதியில் அவள் வேலை செய்யும் வீட்டுச் சிக்னோராவிடம், அதாவது வீட்டுக்கார அம்மாவிடம், கெஞ்சிக் கூத்தாடி அரைநாள் லீவு வாங்கிக்கொண்டு, பிளாஸ்டிக் கோவையை நெஞ்சோடு அணைத்தபடி பதிவு அலுவலகத்துக்கு வந்திருந்தாள். அவளுக்கு வேண்டியது ஒரேயொரு காகிதம். பத்து வருடமாக இந்த நகரத்தில் இடைவெளி இல்லாமல் குடியிருக்கிறாள் என்ற அத்தாட்சி. அது கையில் இருந்தால் இத்தாலியப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பம் போடலாம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் பெயரைத் தட்டினாள், புருவத்தைச் சுருக்கினாள், மறுபடியும் தட்டினாள்.

"சிக்னோரா, நீங்கள் இப்போது எங்கே குடியிருக்கிறீர்கள்?"

"சீசாப் பகுதியில். அதே வீட்டில்தான்."

"அந்த வீட்டில் நீங்கள் இல்லையே."

விமலராணி சிரித்துவிட்டாள். இந்த ஊர்க்காரர்கள் சிலவேளை முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு பகிடி விடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பெண் சிரிக்கவில்லை. திரையை மெல்ல இந்தப் பக்கம் திருப்பிக் காட்டினாள். தேடியும் காணப்படாததால் பதிவிலிருந்து நீக்கப்பட்டவர் என்ற வரிக்கு நேரே விமலராணியின் பெயர் இருந்தது. அதற்குக் கீழே அவளுடைய மகள் துசானியின் பெயர்.

அவளுடைய யாழ்ப்பாணத்து ஊரில் காணவில்லை என்ற சொல்லுக்குக் கனம் வேறு. யுத்தத்தில் காணாமல் போன பிள்ளைகளின் படங்களைப் பிடித்துக்கொண்டு தாய்மார் அங்கே தெருவோரக் கொட்டகைகளில் வருடக்கணக்காக இருக்கிறார்கள். இங்கே காணாமல் போனவள் தானாகவே பஸ் ஏறி வந்து, இலக்கத் துண்டு எடுத்து, ஒன்றேகால் மணி நேரம் காத்திருந்து, தான் காணாமல் போன விபரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்படியென்றால் அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டாள்.

அந்தப் பெண் மூன்று பெயர்களை வாசித்தாள். பிரதீஸ். அவனுடைய மனைவி நிரோசினி. அவர்களுடைய இரண்டு வயது மகன். விமலராணிக்கு மூன்று பேரையும் நன்றாகத் தெரியும். மூன்றாவது ஆளை அன்று காலையில் குளிப்பாட்டித் துடைத்துவிட்டுத்தான் அவள் வீட்டிலிருந்து புறப்பட்டிருந்தாள்.

பிரதீஸ் அவளுடைய கணவனின் மூத்த சகோதரி யோகாம்பாளின் ஒரே மகன். கணவன் மகேந்திரராசா ஆறு வருடங்களுக்கு முன்பு ஒரு ஹோட்டல் சமையலறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து, திரும்பி எழும்பவில்லை. அதன்பிறகு சீசாவில் உள்ள அந்த ஒன்றரை அறை வீட்டில் தாயும் மகளும் மட்டும். யோகாம்பாள் யாழ்ப்பாணத்தில். வெரோனாவில் பிரதீஸ் வேலை செய்த தொழிற்சாலை மூடப்பட்டதும் யோகாம்பாள் தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான்: "பிரதீசும் மனிசியும் உன்னட்டை வருகினம். ஆறு மாதம் வைச்சிரு." கேட்கவில்லை, சொன்னாள். சொல்ல அவளுக்கு உரிமை இருந்தது. விமலராணி கணவனிடம் வந்து சேர்ந்தபோது மகளுக்கு விசா கிடைக்கவில்லை. கிடைக்கும்வரை ஒன்றரை வருடம் துசானியை வைத்து வளர்த்தவள் யோகாம்பாள். துசானி ஐந்து வயதில் பலெர்மோவுக்கு வந்து இறங்கியபோது தாயைப் பார்த்து, "இவ ஆர்?" என்று கேட்டாள்.

வந்தவர்களுக்கு முதலில் வேண்டியது வதிவிடப் பதிவு. இங்குள்ள தமிழர் அதை ரெசிடென்சா என்றே சொல்வார்கள். அது இல்லாமல் பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதி புதுப்பிக்க முடியாது, குடும்ப வைத்தியர் கிடையாது. நிரோசினி அப்போது நான்கு மாதக் கர்ப்பம். வீட்டு ஒப்பந்தம் விமலராணியின் பெயரில் இருந்ததால், இவர்கள் இருவரும் இந்த வீட்டில் குடியிருக்க எனக்குச் சம்மதம் என்று அவள் கையெழுத்து வைத்துக் கொடுத்தாள். இனி நாற்பத்தைந்து நாட்களுக்குள் விஜிலே வருவார். விஜிலே என்றால் மாநகரசபைப் பொலிஸ்காரர். சொல்லாமல் கொள்ளாமல் வந்து கதவைத் தட்டி, ஆட்கள் உண்மையாகவே இருக்கிறார்களா என்று பார்த்து எழுதிக்கொண்டு போவார்.

அங்கேதான் கிறிகோரி அண்ணை நுழைந்தார். கபோ சந்தையில் மீன்கடை முகப்பில் நின்றபடி இந்த நாட்டுச் சட்டம் முழுவதையும் விரல்நுனியில் வைத்திருப்பவர் அவர். ஒரு தாளைக்கூட வாசித்து அறிந்தவரல்ல. எல்லாம் கேட்டு அறிந்தது. ஆனால் அவர் சொல்லுகிற தோரணையில் ஒருவருக்கும் திருப்பிக் கேட்க மனம் வராது.

"தங்கச்சி, ஒண்டரை அறையிலை நாலு பேர் எண்டால் விஜிலே எழுதமாட்டான். ஆளுக்கு இவ்வளவு சதுர மீற்றர் எண்டு கணக்கு இருக்கு. அவன் வந்தவுடனை முதல் பாக்கிறது வாசலிலை கிடக்கிற செருப்பை. தமிழற்றை வீட்டிலை செருப்பை எண்ணினால் ஆளை எண்ணினமாதிரி எண்டு அவங்களுக்கு இப்ப தெரியும். அவை ரெண்டு பேர் மட்டும்தான் இருக்கினம் எண்டு காட்டுங்கோ. அலுவல் முடிஞ்சுது."

விஜிலே எந்த நாளில் வருவார் என்று தெரியாது. கிழமை நாட்களில், காலை எட்டரைக்கும் மதியத்துக்கும் இடையில் என்பது மட்டும் தெரியும். ஆகவே பத்தொன்பது நாட்கள், வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போவதற்கு முன்னால், தாயும் மகளும் தங்களை அந்த வீட்டிலிருந்து துடைத்தெடுத்தார்கள். வாசல் செருப்புகள் பையில் கட்டி அலுமாரிக்கு மேலே போயின. துசானியின் மெத்தை சுருட்டப்பட்டுக் கட்டிலுக்குக் கீழே போனது. இரண்டு பல்துலக்கிகள், சீப்பு, பாடப் புத்தகங்கள், எல்லாம். மகேந்திரராசாவின் மாலை போட்ட படத்தைக்கூட விமலராணி ஆணியிலிருந்து கழற்றித் துவாயில் சுற்றி உள்ளே வைத்தாள். அது யார், அவருடைய மனைவி எங்கே என்று விஜிலே கேட்டுவிட்டால்? கீழே அழைப்புமணியிலும் தபால்பெட்டியிலும் இருந்த அவளுடைய பெயரை மறைத்துப் பிரதீசின் பெயரை எழுதி ஒட்டினார்கள். பின்னேரம் வந்ததும் செருப்பும் மெத்தையும் படமும் திரும்பி வரும். ஒட்டிய பெயர் மட்டும் அப்படியே இருந்தது. அவளுக்கு யார் கடிதம் போடப்போகிறார்கள்?

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒத்திகையும் நடந்தது. விமலராணிதான் விஜிலே. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வாசலில் நின்று கேட்பாள்.

"ஆர் ஆர் இருக்கிறீங்கள்?"

"நானும் மனிசியும்."

"வேறை?"

"வேறை ஒருத்தரும் இல்லை."

"உதைப் பயந்து பயந்து சொல்லாதை. நிமிந்து நிண்டு சொல்லு," என்று அதட்டுவாள். பிரதீசுக்கு அந்த வசனம் இத்தாலிய மொழியில் ஓடவில்லை. துசானி அதை ஒரு தாளில் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்து, சிரித்துச் சிரித்துத் திருத்தினாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது ஒரு விளையாட்டு. பத்தொன்பதாவது நாள் விஜிலே வந்தார், பார்த்தார், போனார். அன்று பின்னேரம் கேசரி கிண்டினார்கள்.

இப்போது கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் அந்த நாளின் அறிக்கையை எடுத்து, விரலை வைத்து வாசித்துச் சொன்னாள். வீட்டில் கணவனும் மனைவியும் இருக்கிறார்கள். முன்பு பதிவில் இருந்த தாயும் மகளும் வெளியேறிவிட்டதாகக் கூறினார்கள். அவர்களுடைய உடைமைகள் எதுவும் காணப்படவில்லை. அழைப்புமணியில் பெயர் இல்லை. பிறகு சபை இரண்டு முறை கடிதம் போட்டிருந்தது. இரண்டும் ஆள் இல்லை என்று திரும்பி வந்திருந்தன. சட்டப்படி ஒரு வருடம் பொறுத்துப் பார்த்தார்கள், பிறகு நீக்கினார்கள். அடையாள அட்டைக்குப் பத்து வருட ஆயுள் இருந்ததால், இடையில் இந்த அலுவலகத்துப் படியேற அவளுக்குக் காரணமே வரவில்லை.

"நாங்கள் நாலு பேரும் அங்கேதான் இருந்தோம்," என்றாள் விமலராணி. "வீடு சின்னது. நாலு பேர் என்றால் எழுதமாட்டார்கள் என்று..."

"யார் சொன்னது?"

விமலராணி கோவையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

"சிக்னோரா, நாலு பேர் என்று சொல்லியிருந்தால் நாலு பேர் என்று எழுதியிருப்பார். விஜிலே போவது ஆள் இருக்கிறாரா என்று பார்க்க. அறையை அளக்க அல்ல."

இதைச் சொன்னபோது அந்தப் பெண்ணுக்கே முகம் வாடிவிட்டது. விமலராணி மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். பத்தொன்பது நாள். செருப்பைக் கட்டி, செத்த மனிசனைத் துவாயில் சுற்றி, யாரும் கேட்காத ஒரு பொய்க்காக. கிறிகோரி அண்ணையின் நாக்கை இழுத்து அறுக்கவேண்டும் போலிருந்தது அவளுக்கு. அவர் இப்போதும் மீன்கடை முகப்பில் நின்று யாரோ ஒரு தங்கச்சிக்குச் சட்டம் சொல்லிக்கொண்டிருப்பார்.

மூன்று வழிகள் இருந்தன. விஜிலேயிடம் பேசிய ஆள் நேரில் வந்து, தான் சொன்னது தவறு, இவர்கள் வீட்டை விட்டுப் போகவேயில்லை என்று எழுதிக் கொடுத்தால் நீக்கியதை நீக்கலாம். பத்து வருடமும் முழுசாகத் திரும்பி வரும். இல்லையென்றால் வழக்கறிஞர், நீதிமன்றம், நாலைந்து வருடம். அதுவும் இல்லையென்றால் இன்றைக்குப் புதிதாகப் பதியலாம். பத்து வருடம் இன்றையிலிருந்து தொடங்கும்.

விமலராணிக்குக் கணக்குப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. மகள் அதை எப்போதோ பார்த்து வைத்திருந்தாள். துசானிக்கு ஜனவரியில் பதினைந்து. விண்ணப்பம் இப்போது போட்டால் மூன்று வருடத்துக்குள் முடிவு வரும். பதினெட்டு ஆவதற்கு முதல் தாய் சத்தியப்பிரமாணம் எடுத்துவிட்டால் கூட வாழும் பிள்ளைக்கும் சேர்த்துப் பிரஜாவுரிமை வந்துவிடும். போன வசந்தத்தில் அவளுடைய வகுப்பு முழுவதும் டப்ளினுக்குப் போனது. துசானிக்கு மட்டும் விசா நேரத்துக்கு வரவில்லை. காய்ச்சல் என்று சிநேகிதிகளுக்குப் பொய் சொல்லிவிட்டு ஐந்து நாள் வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஆறாம் நாள் எழும்பித் தொலைபேசியில் மாதங்களை எண்ணிப் போட்டுவைத்தாள். பத்து வருடம் நிறையும் நவம்பர் வந்ததும் தாயைப் பதிவு அலுவலகத்துக்குத் துரத்தியவள் அவள்தான்.

வீட்டுக்கு வந்தபோது மதியம். கால்சாவில் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவும் பிரதீஸ், பின்னேர வேலைக்குப் போக ஆயத்தமாகி நின்றான். பெரிய அறை இப்போது அவர்களுடையது. குழந்தை பிறந்தபோது விமலராணி தானே கட்டிலைக் கொடுத்துவிட்டு மகளோடு அரை அறைக்குள் போயிருந்தாள். ஆறு மாதம் என்று வந்தவர்களுக்கு மூன்றாவது நத்தார்ப் பண்டிகை வரப்போகிறது. அவள் கோவையை மேசையில் வைத்துவிட்டு விசயத்தைச் சொன்னாள். அவன் கேட்டு முடித்துவிட்டுத் தலையைக் குனிந்தான்.

"மாமி, நீங்கள் சொல்லித்தந்ததைத்தானே நான் சொன்னனான்."

"ஓம். நான்தான் சொல்லித்தந்தனான். இல்லையெண்டு நான் சொல்லேல்லை. எங்கடை பேரை வாசிச்சு அவன் கேட்டவனோ?"

பிரதீஸ் நிரோசினியைப் பார்த்தான். அவள் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"கேட்டவன். பேப்பரைப் பாத்து உங்கடை பேரையும் துசியின்ரை பேரையும் வாசிச்சவன்."

"நீ என்ன சொன்னனீ?"

"போயிட்டினம் எண்டனான்."

"அதை ஏன் எனக்குச் சொல்லேல்லை? அண்டைக்குக் கேசரி திண்டியே, அப்ப சொல்லியிருக்கலாமே?"

"பயப்பிடுவியள் எண்டு... பிறகு ஒண்டும் நடக்கேல்லைத்தானே. மறந்துபோனன் மாமி."

மறந்தானாம். ஒவ்வொரு நாளும் அந்தப் பெயர் ஒட்டிய மணியைக் கடந்து வந்து, அவள் ஆக்கிய சோற்றைச் சாப்பிட்டவன். விமலராணி பல்லைக் கடித்துக்கொண்டாள். இப்போது அவளுக்கு வேண்டியது கோபமல்ல, கையெழுத்து.

"சரி. நடந்தது நடந்துபோச்சு. நாளைக்கு என்னோடை வா. பிழையாச் சொல்லிப்போட்டன் எண்டு எழுதிக் குடு. அவ்வளவுதான்."

"என்ன மாமி கதைக்கிறியள்? பொலிசுக்குப் பொய் சொன்னனான் எண்டு நானே கையெழுத்து வைக்கிறதோ? அது கேஸ். பெர்மெசோ புதுப்பிக்கக் குடுத்துக்கிடக்கு. திருப்பி அனுப்பினாங்கள் எண்டால் இந்தக் குஞ்சையும் கொண்டு நான் எங்கை போறது?"

அவன் சொன்னதில் பிழை இல்லை. அதுதான் விமலராணிக்கு ஆகவும் ஆத்திரமூட்டியது. முழுப் பொய்யனாக இருந்திருந்தால் கன்னத்தில் அறைந்துவிட்டுப் போகலாம்.

"அப்ப துசி?"

நிரோசினி முதல் தடவையாக வாய் திறந்தாள். "அவள் படிக்கிற பிள்ளை மாமி. அவளுக்கென்ன, பிறகும் எடுக்கலாம்தானே. எங்களுக்குத்தான் போனால் போனதுதான்."

"நீ எழுதாட்டி நான் போய்ச் சொல்லுறன்," என்றாள் விமலராணி பிரதீசைப் பார்த்து. "நடந்ததை நடந்தபடி சொல்லுறன். பிறகு அவங்கள் உன்னைக் கூப்பிட்டுக் கேக்கட்டும்."

அவன் ஜக்கெற்றை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனான். அவன் வேலைக்குப் போய்ச் சேர்வதற்கு முன் யாழ்ப்பாணத்திலிருந்து அழைப்பு வந்துவிட்டது.

"விமலா," என்றாள் யோகாம்பாள். சுகம் விசாரிக்கவில்லை. "என்ரை பிள்ளையைக் காட்டிக்குடுக்கப் போறியாம்?"

அந்த ஒரு சொல். வேறு எதையும் அவள் சொல்லியிருக்கலாம். நன்றிகெட்டவள் என்றிருக்கலாம், விசர் என்றிருக்கலாம், விமலராணி தாங்கியிருப்பாள். காட்டிக்கொடுத்தவன் என்று பெயர் எடுத்த ஒருவன் யுத்த காலத்தில் அந்த ஊரில் தலைநிமிர்ந்து நடந்ததில்லை. சிலர் நடக்கவேயில்லை. அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதற்குப் பிறகு நியாயம் பேச வராது.

"மச்சாள், அப்பிடிச் சொல்லாதேங்கோ. துசியின்ரை எதிர்காலம்..."

"துசியோ? துசியை ஆர் வளத்தது? செங்கமாரி வந்து கண்ணெல்லாம் மஞ்சளாக் கிடக்க, ஆஸ்பத்திரியிலை இருபது நாள் அவளுக்குப் பக்கத்திலை தரையிலை ஆர் படுத்தது? நான் ஒரு நாளாவது உனக்கு அதைச் சொல்லிக்காட்டினனானே?"

இப்போதுதான் சொல்லிக்காட்டுகிறாள் என்று விமலராணியின் நாக்கு நுனிவரை வந்தது. அவள் அதைச் சொல்லவில்லை. "இல்லை மச்சாள்," என்றாள். "நீங்கள் சொல்லிக்காட்டேல்லை."

அடுத்த நாள் அவள் மறுபடியும் அலுவலகத்துக்குப் போனாள். போகும்போது உண்மையைச் சொல்வதாகத்தான் போனாள். பஸ்சில் நின்றபடி வசனங்களைக்கூட ஒழுங்குபடுத்திக்கொண்டாள். அதே பெண்தான் இருந்தாள். விமலராணியை அடையாளம் கண்டு, அவளுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தாள்.

"அவர் வரவில்லையா?"

"அவருக்கு நேரம் இல்லை."

அந்தப் பெண்ணுக்கு விளங்கிவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "நீங்களே எழுதியும் தரலாம். ஆனால் அவரைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். சம்மதக் கையெழுத்து வைத்தவர் என்பதால் உங்களையும் விசாரிப்பார்கள். எழுதுகிறீர்களா?"

பேனை அவளுடைய கைப்பைக்குள்ளேயே இருந்தது. தடுக்க அங்கே ஒருவரும் இல்லை. கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தை அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் வரிசையில் யாரோ இருமினார்கள். எழுதினால் அவள் தாய். எழுதினால் அவள் காட்டிக்கொடுத்தவள். இரண்டும் ஒரே கையெழுத்தில் இருந்தன, பிரித்தெடுக்க முடியவில்லை.

"புதிதாகப் பதிகிற படிவம் தாருங்கள்," என்றாள்.

அன்று பின்னேரம் பள்ளிக்கூடத்து வாசலில் காத்து நின்று, வீட்டுக்கு நடந்து வரும்போது மகளிடம் சொன்னாள். வீட்டுக்குள் வைத்துச் சொல்ல அவளுக்குத் துணிவில்லை. துசானி கத்தவில்லை. தன் பையின் பட்டியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

"அந்த வசனத்தை அத்தானுக்கு எழுதிக் குடுத்தது நான்தானே அம்மா," என்றாள் கடைசியில். "வேறை ஒருத்தரும் இல்லை எண்டு."

"அது விளையாட்டு, பிள்ளை. உன்னிலை பிழை இல்லை."

"அப்ப ஆரிலை?"

துசானி அதற்குப் பிறகு தாயோடு தமிழில் கதைப்பதை விட்டுவிட்டாள். கேட்டால் இத்தாலிய மொழியில் ஒரு சொல், இரண்டு சொல், அதுவும் அந்தத் தெருப் பிள்ளைகளின் இழுவையோடு. பிரதீஸ் வீட்டில் இருந்தால் அதுவும் இல்லை. சாப்பாட்டுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு அரை அறைக்குள் போய்விடுவாள்.

புதுப் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. அந்த விலாசத்தில் ஏற்கெனவே பதிந்திருக்கிறவர், இவர்கள் வந்து சேர்வதற்குச் சம்மதம் என்று கையெழுத்து வைக்கவேண்டும். வீட்டு ஒப்பந்தம் இப்போதும் விமலராணியின் பெயரில்தான். ஆனால் குடும்பப் பதிவில் தலைவன் பிரதீஸ். அவள் படிவத்தைக் கொண்டுபோய் அவன் முன்னால் வைத்தாள். அவன் அவசரமாகக் கையைத் துடைத்துக்கொண்டு, காட்டிய இடத்தில் எல்லாம் வடிவாகக் கையெழுத்து வைத்தான்.

"இதுக்கெண்டால் எத்தினை எண்டாலும் போடுவன் மாமி," என்றான். உண்மையான பாசத்தோடுதான் சொன்னான். விமலராணிக்கு அவன் முகத்தில் காறித் துப்பவேண்டும் போலிருந்தது. "தேத்தண்ணி குடிக்கிறியோ?" என்று கேட்டாள்.

விஜிலே டிசம்பர் நடுப்பகுதியில் ஒரு வெள்ளிக்கிழமை வந்தார். அன்று ஆசிரியர்களின் வேலைநிறுத்தம், துசானி வீட்டில் நின்றாள். சிக்னோரா மகள் வீட்டுக்குப் போயிருந்ததால் விமலராணிக்கும் வேலை இல்லை. முன்பு வந்தவர் இல்லை இவர். நரைத்த மீசையும் தடிமன் பிடித்த மூக்குமாக, மூன்று மாடி ஏறிய களைப்பில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். விமலராணி கதிரையை இழுத்துப் போட்டாள். அவர் உட்கார்ந்து மடியில் தாளை விரித்து, பிள்ளையைத் தூக்கி வைத்திருந்த பிரதீசிடம் முதலில் கேட்டார். வீட்டுக்காரர் அவன்தானே.

"இந்த இருவரும் இங்கேதான் வசிக்கிறார்களா?"

"ஓம், ஓம்," என்று பிரதீஸ் தமிழிலும் இத்தாலிய மொழியிலுமாகச் சொல்லித் தலையாட்டினான்.

"எப்போதிலிருந்து?"

பிரதீஸ் விமலராணியைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது. பிள்ளை அவனுடைய தோளில் கிடந்து அவளைப் பார்த்து, தூக்கச் சொல்லிக் கையை நீட்டியது.

"போன மாதத்திலிருந்து," என்றாள் விமலராணி.

அவர் எழுதினார். கட்டிலைப் பார்த்தார், மேசையில் பரப்பியிருந்த பள்ளிக்கூடப் புத்தகங்களைப் பார்த்தார். எந்த வகுப்பு என்று துசானியிடம் கேட்டார். அவள் சொன்னாள். எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டார். அதையும் சொன்னாள். அவர் பேனையை நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"நீ என் தெருப் பிள்ளைகளைப் போலவே பேசுகிறாய். போன மாதமா வந்தாய்?"

நிரோசினி குசினிக்குள் தண்ணீர்க் குழாயைத் திறந்தாள். அந்த மனிதர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பார்த்ததில் அவருக்கு ஏதோ விளங்கியிருக்கவேண்டும். கொஞ்ச நேரம் பொறுத்திருந்தார். யாராவது சொல்வார்களா என்று பொறுத்தது போலத்தான் இருந்தது. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு என்ன சொல்கிறார்களோ அதைத்தான் நான் எழுதுவேன்," என்றார் மெதுவாக. தாளில் இன்னும் ஒரு கட்டம் வெறுமையாக இருந்தது. அங்கிருந்தவர்களில் இத்தாலிய மொழி நன்றாகத் தெரிந்தவள் என்பதால் அதையும் துசானியிடமே கேட்டார்.

"இதற்கு முன்பு எங்கே இருந்தீர்கள்?"

துசானி தாயின் பக்கம் திரும்பினாள். மூன்று கிழமைக்குப் பிறகு தமிழில் கேட்டாள்.

"அம்மா, இதுக்கு முதல் நாங்கள் எங்கை இருந்தனாங்கள்?"

விமலராணி பிள்ளையைப் பிரதீசிடமிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அதன் முதுகைத் தட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

"தெரியாதெண்டு சொல்லு," என்றாள்.

துசானி அதை நல்ல இத்தாலிய மொழியில் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார்.